தாளிப்பு வாசனை இல்லாத வாரங்கள்

“புரட்டாசி மாதம், செவ்வாய்க்கிழமை. வெயில். மழை இல்லை. எதிர்வீட்டில் இன்றும் தாளிப்பு வாசனை இல்லை. ரத்தப் பரிசோதனை நெருங்குகிறது போலும்.”

என் நாட்குறிப்பில் உள்ளதை உள்ளபடியே கொடுத்திருக்கிறேன். ஆண்டை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இதில் வருகிறவரின் மகள் புகுந்த வீட்டில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறாள். எங்கள் தெரு சின்னது. ஆண்டைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி.

மழை, கிணற்றுத் தண்ணீரின் மட்டம், தெருவில் நடந்தது என்று தினமும் நாலு வரி எழுதி வைப்பது என் பழக்கம். அந்த நோட்டுகளைப் புரட்டினால் மழையைவிட எதிர்வீட்டுப் போர்மேனம்மாதான் அதிகம் வருகிறார். கரிசல் பூமியில் இது வியப்பில்லை.

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்பார்கள். அப்படி ஓர் ஆபீஸில், பெட்டியில் குச்சி அடைக்கும் பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தார் அவர். அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் ஓர் ஆண். அவரைப் போர்மேன் என்று கூப்பிட்டார்கள். இவர் வந்ததும் ஓர் ‘அம்மா’வைச் சேர்த்துக்கொண்டார்கள். கணவர் முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள்.

அவருடைய திறமை ஒன்றே ஒன்றுதான். யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால், வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். தொழிற்சாலை ஆய்வாளர் வரும் நாளுக்கு முன்பே தீ வாளிகளுக்குச் சிவப்புச் சாயம் ஏறிவிடும். புது மணல் நிரம்பிவிடும். தலையில் துணி கட்டாத பெண் இருக்கமாட்டாள். “ஆளு வருததுக்குள்ள” என்பது அவர் வாயில் ஓயாமல் புழங்கிய சொல். ஆளு வருததுக்குள்ள பெருக்கு, ஆளு வருததுக்குள்ள சன்னல தொற. ஆள் போன மறுநாள் வாளிகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஒருமுறை ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். வாளிகளில் மணல் இல்லை. ஒன்றில் யாரோ சந்தையில் வாங்கிய தக்காளியை வைத்திருந்தார்கள். போர்மேனம்மா பதறவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, கடலைமிட்டாயும் தண்ணீரும் கொடுத்து, “சார், நீங்க இன்னைக்கி வந்தது செரியில்ல. நாளைக்கி வாங்க, எல்லாம் நல்லா இருக்கும்” என்றாராம். ஆய்வாளர் மிட்டாயைத் தின்றுவிட்டு மறுநாள் வந்தார். எல்லாம் நன்றாக இருந்தது. அந்த ஆபீஸ் பெண்கள் மூவரிடம் இதைத் தனித்தனியாக விசாரித்தேன். தக்காளியா கத்தரிக்காயா என்பதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

“இது ஏமாத்து இல்லையா?” என்று நானே ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

“என்ன அண்ணாச்சி ஏமாத்து? உள்ளதத்தான காட்டுதோம். நல்லா இருக்கும்போது காட்டுதோம், அவ்வளவுதான்.”

மகளைப் பெண் பார்க்கப் புதியம்புத்தூரிலிருந்து ஆட்கள் வந்தபோது என் புத்தக அலமாரி தெருவைக் கடந்து அவர் வீட்டுக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார் ரெடிமேட் துணி தைக்கும் யூனிட் வைத்திருந்தார்கள். படித்த பெண்ணாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். போர்மேனம்மா புத்தகங்களை உயரப்படி அடுக்கியிருந்தார். பொருள்படி அடுக்கிவைத்தவன் நான். அதைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் ஒரு புத்தகத்தை உருவி முதல் பக்கத்தைப் பார்த்தார்.

“இது யாரு கையெழுத்தும்மா?”

“அவ சித்தப்பா. அவளுக்குன்னே வாங்கிக் குடுத்தது.”

சித்தப்பா என்ற முறையில் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். தலையை ஆட்டினேன். புத்தகம் மானாவாரிப் பருத்தியைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றியது. கல்யாணம் நிச்சயமானது. அலமாரி துடைத்து எண்ணெய் பூசிய நிலையில் திரும்பி வந்தது. கொடுத்தபோது இருந்ததைவிட நன்றாக இருந்தது என்பதையும் பதிவு செய்யவேண்டும்.

கல்யாணம் முடிந்த தை மாதம் ஆபீஸில் ரத்ததான முகாம் நடத்தினார்கள். போட்டோ பிடிக்க ஆள் வந்ததால் போர்மேனம்மா முதல் ஆளாகப் படுத்துக் கொடுத்தார். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து, நேரில் வரும்படி போன் வந்தது. பாராட்டுச் சான்றிதழ் என்று நினைத்துப் பட்டுப்புடவையில் போனார். ஹெபடைடிஸ் பி கிருமி ரத்தத்தில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

“எனக்குக் காமாலையே வந்ததில்லையே அண்ணாச்சி,” என்று தாளை என்னிடம் நீட்டினார். நான் தெரிந்ததைச் சொன்னேன். கிருமியின் மேலுறைப் பொருள் ஒன்று ரத்தத்தில் தென்பட்டிருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் அது அங்கேயே இருந்தால், கிருமி நிரந்தரமாகக் குடியிருக்கிறது என்று பொருள். ஆடியில் திரும்பப் பார்த்தார்கள். இருந்தது.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவிடம் போகத் தொடங்கினார். முதல் முறை நானும் என் மனைவியும் கூடப் போனோம். டாக்டரம்மா இளவயதுக்காரர், எதையும் ஒருமுறைக்கு இருமுறை சொல்வார். அன்று இரண்டு முறை சொன்னது இது: “இது பெரும்பாலும் பிறக்கும்போதே அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்கு வர்றது. உங்க பொண்ணுக்குக் கட்டாயம் பாக்கணும். அவங்களுக்குக் குழந்தை பிறக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சா, குழந்தை பிறந்த அன்னைக்கே ஊசி போட்டுக் காப்பாத்திரலாம்.”

“கூட்டிட்டு வாரேன் டாக்டர். அவள கொஞ்சம் ரெடி பண்ணிக்கிடுதேன்.”

“ரெடி பண்ண ஒண்ணுமில்லம்மா. கை நீட்டினா போதும்.”

வெளியே வந்ததும் போர்மேனம்மா என் மனைவியிடம், “சம்மந்தகாரவியளுக்கு இது தெரிஞ்சா எம் மக வாழ்க்க என்னத்துக்கு ஆகும்?” என்றார்.

ரத்தப் பரிசோதனைத் தாளில், வரம்பைத் தாண்டிய எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சடிப்பார்கள். அவர் தாளில் எஸ்ஜிபிடி என்பது தடித்திருந்தது. ஈரல் செல் சிதையும்போது ரத்தத்தில் கசியும் ஒரு பொருளின் அளவு அது. போர்மேனம்மாவுக்கு அந்தத் தடித்த எழுத்து உடனே புரிந்துவிட்டது. ஆய்வாளர் எழுதும் குறிப்பைத்தான் அவர் அதில் கண்டார்.

அடுத்த பரிசோதனைக்கு முந்தைய வாரங்களில்தான் எதிர்வீட்டில் தாளிப்பு வாசனை நின்றது. எண்ணெய் இல்லை, உப்பு இல்லை, புளி இல்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தார். புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் காமாலைக்கு வேர் கொடுக்கும் ஆடு மேய்ப்பவர் ஒருவர் உண்டு. அவரிடம் போய், “எனக்குக் காமாலை இல்ல. ரத்தத்துல எண்ணு மட்டும் கூட இருக்கு” என்று விளக்கினார். அந்த ஆள் யோசித்துப் பார்த்துவிட்டுப் பாதி வேர் கொடுத்தார்.

எண் குறைந்தது. தடித்த எழுத்து போயிற்று. இந்த நோயில் அந்த எண் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும் என்று டாக்டரம்மா சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். அவர் தாளை லேமினேஷன் செய்து, மகளின் மதிப்பெண் பட்டியல்களோடு பீரோவில் வைத்துவிட்டு வந்தார்.

“பாஸ் அண்ணாச்சி.”

அன்று மாலை எதிர்வீட்டில் வடை சுட்டார்கள். எங்களுக்கும் வந்தது.

இப்படியே இரண்டு மூன்று பரிசோதனைகள் நடந்தன. ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா மகளைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு முறையும் போர்மேனம்மா “ரெடி பண்ணிக்கிட்டிருக்கேன்” என்றார். பிறகு மாசி மாதத்தில், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் புடவை கட்டி, வெறும் வயிற்றோடு போனார். வெறும் வயிறு மட்டுமே அவர்கள் கேட்டது.

ஈரலில் தழும்பு நிறையக் கட்டியிருப்பதாக முடிவு வந்தது. சுருக்கம் தொடங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. போர்மேனம்மா கைப்பையிலிருந்து லேமினேஷன் தாள்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார்.

“ரத்தம் எல்லாம் பாஸாயிருக்கே டாக்டர். பெறகு இது எப்படி?”

“எஸ்ஜிபிடி அன்னன்னைக்கு ஈரல்ல நடக்கிற சேதத்தைச் சொல்லும்மா. ஏற்கெனவே நடந்து முடிஞ்ச சேதத்தைச் சொல்லாது. கிருமி உங்ககிட்ட இத்தனை வருஷமா இருக்கு.”

போர்மேனம்மா தாள்களைத் திரும்ப அடுக்கினார். “அப்போ இன்னைக்கி எரியுத தீயத்தான் காட்டும். எரிஞ்சு போன குடோன காட்டாது.”

“அதேதான்” என்று டாக்டரம்மா மகிழ்ந்துபோனார். ஒருவர் இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டபின் இனிக் கவலையில்லை என்று எனக்கும் தோன்றியது. தினம் ஒரு மாத்திரை, நிறுத்தாமல், வருடக்கணக்கில் என்று சொல்லி ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்தார்கள்.

சில மாதங்கள் கழித்து என் மனைவி அவர் வீட்டு அடுக்களையில் அந்த டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏக்கா, பாதிக்கு மேல கெடக்கு? தெனம் போடணும்னாவல்ல?”

“ரத்தம் பாக்குததுக்கு ஒரு மாசம் முன்னாடி ஆரம்பிச்சா காணும்மா, அது போதும். போன தடவ அப்படித்தான் போட்டேன். கிருமியே கொறஞ்சு போச்சுன்னு டாக்டர் சந்தோஷப்பட்டாவ. ஆளு போன பெறகு வாளியில எதுக்கு மணலு?”

என் மனைவி சத்தம் போட்டாள். நானும் போய்ச் சொன்னேன். சரி சரி என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. தெருவெல்லாம் கரிசல் குழைந்து செருப்போடு வந்தது. அந்த வாரம் போர்மேனம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கேட்டவர்களிடம் கண்வலி என்றார். கண்வலி ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ என் மனைவி போய் அந்தக் கண்ணாடியைக் கழற்றினாள். கண் மஞ்சள்கிழங்கு போல் இருந்தது. வயிறு வீங்கியிருந்தது, அதற்குத் தோதாகத் தளர்ந்த ரவிக்கை தைத்துப் போட்டிருந்தார்.

மாத்திரையைப் போட்டுவிட்டு நிறுத்தினால் அடங்கியிருந்த கிருமி சீறிக்கொண்டு கிளம்பும் என்று டாக்டரம்மா முன்பே இருமுறை சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் மூன்றாவது முறை சொன்னார். போர்மேனம்மா கட்டிலில் படுத்தபடி கேட்டார். கண் மெல்ல வெளுத்தது. வயிற்று நீர் வடிந்தது. ஈரலில் மிச்சமிருந்ததில் ஒரு பங்கு அந்த மாதத்தில் போய்விட்டது என்று என்னிடம் தனியாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு மாத்திரையைக்கூட விடவில்லை. இது என் மனைவி டப்பாவைப் பார்த்துச் சொன்ன சாட்சி.

இதற்கிடையில் மகள் உண்டாகியிருந்தாள். டாக்டரம்மாவின் கேள்விக்கு இப்போது கெடு வந்துவிட்டது.

“வளகாப்பு முடிச்சு அழச்சிட்டு வந்து, இங்கன வச்சு ரெடி பண்ணி, நானே கூட்டிட்டுப் போயி ரத்தம் குடுக்க வைக்கேன்,” என்றார் போர்மேனம்மா. “ரிசல்ட்டு நல்லா வந்துட்டா யாருட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்லா?”

அந்தச் சோதனை எண் பார்ப்பதில்லை, உண்டா இல்லையா என்று மட்டும் பார்ப்பது, உப்பைக் குறைப்பதால் அது மாறாது என்று நான் சொன்னேன். “நீங்க புஸ்தகத்த பாத்துச் சொல்லுதீங்க அண்ணாச்சி” என்றார். புத்தகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

தை மாதம் ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து மகள் வந்தாள். வந்த இரண்டாம் நாளே எங்கள் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு ஊறுகாய் ஜாடியைத் திறந்தாள்.

“சித்தி, எங்கம்மா எனக்கு உப்பு போட மாட்டேங்கா. வந்ததுல இருந்து கடுகு வெடிக்கிற சத்தமே கேக்கல. பச்சையா எதையோ அரச்சு மோருல கலக்கிக் குடுக்கா. மாட்டுக்குப் போடுத மாதிரி இருக்கு.”

“குடிச்சியா?”

“செம்பருத்திச் செடிக்கு ஊத்திட்டேன். அது நல்லா இருக்கு.”

என் மனைவி அவளுக்குச் சோறு போட்டாள். அவள் தின்றுகொண்டிருந்தபோதே எதிர்வீட்டிலிருந்து போர்மேனம்மா கையில் வெள்ளை டப்பாவோடு தெருவைக் கடந்து வந்தார். மகளின் துணிப்பையை அடுக்கிவைக்கும்போது அதற்குள் கிடந்திருக்கிறது.

“ஏட்டி, எம் மாத்திரய எதுக்கு எடுத்து ஒளிச்சு வச்சிருக்க? ஒரு நாளு விட்டா எனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?”

மகள் எழுந்திருக்கவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள். “அது ஒன்னுது இல்லம்மா. ஒன்னுது அடுக்களயில கெடக்கு. இது என்னுது.”

போர்மேனம்மா டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். அதில் மகள் பெயர் எழுதியிருந்தது.

“நாலாம் மாசம் நர்சு வந்து எல்லாத்துக்கும் எடுக்குத மாதிரி எனக்கும் ரத்தம் எடுத்தாங்க. இருக்குன்னு வந்துச்சு. கிருமி நெறய இருக்காம். பிள்ளைக்குப் போயிரக் கூடாதுன்னு போன மாசத்துல இருந்து இத குடுக்காங்க. பெறந்த அன்னைக்கே பிள்ளைக்கு ரெண்டு ஊசி. எல்லாம் எழுதி வச்சாச்சு.”

“ஒம் மாமியாருக்கு?”

“தெரியும்.”

“என்ன சொன்னாவ?”

“மாத்திர இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னேன். தெனமும் காலையில அவங்கதான் தண்ணி மோந்து குடுக்காங்க. அவியளுக்கும் டெஸ்ட் எடுத்து ஊசி போட்டாச்சு.” அவியள் என்றது கணவனை.

“எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?”

“நீ ஆஸ்பத்திரியில கெடந்த. எங்கிட்ட இருந்துதான ஒனக்கு வந்துச்சுன்னு அழுவ. கொஞ்சம் ஒன்னய ரெடி பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.”

நான் பக்கத்து அறையில் செய்தித்தாளோடு இருந்தேன். மகளுக்கு அந்தக் கிருமியைக் கொடுத்தது, அவள் பிறந்த அன்று யாருக்கும் எதுவும் தெரியாததால் ஊசி போடப்படாமல் போனது, இதெல்லாம் போர்மேனம்மாவுக்கு அந்த நிமிடத்தில் முழுக்கத் தெரிந்திருக்கும். டாக்டரம்மா சொல்லாததை அந்த டப்பா சொல்லிவிடவில்லை. ஆனால் அதில் மகளின் பேர் எழுதியிருந்தது.

பிறகு அவர் குரல் கேட்டது. “ஏம்மா, அந்த ரசத்துல உப்பு காணுமா? அவளுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து.”

அன்று இரவு என் நாட்குறிப்பில்: “எதிர்வீட்டில் தாளிப்பு. கடுகு, வெங்காயம், பெருங்காயம்.”

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே இரண்டு தொடைகளிலும் இரண்டு ஊசி போட்டார்கள். போர்மேனம்மா அறைக்குள்ளேயே நின்று பார்த்தார். குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுப் போடலாமே என்று கேட்டாராம். நர்சு, முதலில் ஊசி என்றாராம். சரி என்று நகர்ந்துகொண்டாராம்.

அதன்பிறகு அவர் தன் பரிசோதனைக்கு எந்தத் தயாரிப்பும் செய்யவில்லை. ஆபீஸிலிருந்து நேராக, விரல்களில் தீக்குச்சி மருந்தின் கறையோடு, பரோட்டா தின்றுவிட்டுப் போன நாளும் உண்டு. எஸ்ஜிபிடி வரம்புக்குள் வந்தது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. அது தடித்த எழுத்தில் வந்தது. அந்தத் தாளை அவர் லேமினேஷன் செய்யவில்லை. என்னிடம் கொடுத்து, “இத நீங்க வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, நீங்கதான் உள்ளத உள்ளபடி வப்பீங்க” என்றார்.

அடுத்து வந்த கார்த்திகையில், ஒரு வியாழக்கிழமை காலை, ரத்தமாக வாந்தி எடுத்தார். இறுகிய ஈரலைத் தாண்ட முடியாத ரத்தம் உணவுக்குழாயில் புடைத்து வெடித்திருக்கிறது. ஆம்புலன்ஸ் திருநெல்வேலியைச் சேரவில்லை.

மகளுக்குப் போன் செய்துவிட்டு என் மனைவி எதிர்வீட்டுக்குப் போனாள். படுக்கை குலைந்து கிடந்தது. முந்தின நாள் பாத்திரங்கள் தொட்டியில் கிடந்தன. முதல் காரியமாக அவள் விளக்குமாற்றை எடுத்தாள். தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து தரையைக் கழுவி, பாத்திரம் துலக்கி, துணி மடித்து, வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். யாரும் யாருக்கும் வேலை சொல்லவில்லை. “ஆளு வருததுக்குள்ள” என்று ஒருத்தி சொன்னாள், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

தையில் மகள் வீட்டைக் காலி செய்ய வந்தாள். குழந்தை அவள் இடுப்பிலிருந்து எட்டி என் பேனாவைப் பிடுங்கியது. தடுப்பூசிகள் எல்லாம் முடிந்துவிட்டன, ஒரு வயதை ஒட்டிக் குழந்தைக்கு ரத்தம் பார்ப்பார்கள், அப்போதுதான் கிருமி குழந்தைக்குத் தொற்றவில்லை என்று உறுதியாகும் என்றாள்.

“அம்மா ஒண்ணு சொல்லிட்டுப் போயிருக்கா சித்தப்பா. பிள்ளைய ரத்தம் பாக்கக் கூட்டிட்டுப் போற அன்னைக்கி வெளையாடிட்டு இருக்குத மேனிக்கே தூக்கிட்டுப் போகணுமாம். மூஞ்சி கூடக் கழுவக் கூடாதாம்.”

பங்குனி போய்விட்டது. சித்திரையில் புதியம்புத்தூரிலிருந்து துணி மூட்டை கொண்டுவரும் வேன் டிரைவரிடம் விசாரித்தேன். அவர் அந்த யூனிட்டுக்கும் போகிறவர். “பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையாம் அண்ணாச்சி. அந்த வீட்டுல எல்லாத்துக்கும் முட்டாய் குடுத்தாவ” என்றார். அவர் முட்டாய் தின்றது உண்மை. கடலைமிட்டாய் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். ஆனால் அது ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்ததா, முதல் பிறந்தநாளுக்குக் கொடுத்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. பரிசோதனைத் தாளை நான் பார்க்கவில்லை. நாட்குறிப்பில் “குழந்தைக்கு இல்லை” என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். இன்னும் சரிபார்க்கப்படவில்லை.